மேசைமேல் பத்துக் கோப்புகள்

ஒரு பெண்ணின் இருபது வருட உழைப்புக்கு என்ன விலை என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். நான் யோசிக்க மாட்டேன். மூன்று சொற்கள். அதற்குமேல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

மன்னிக்க வேண்டும் மேடம், இந்த விசாரணையில் நான் நின்றுகொண்டே பேசுகிறேன். இந்தப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். கைக்கு எட்டாத விலையுள்ள துணியை ஒரு பெண்மணி தொட்டுப் பார்த்தால், "உங்களால முடியாது" என்று சொல்லவே மாட்டார். "உங்க நிறத்துக்கு இது எடுக்காதும்மா" என்பார். அந்த அம்மாள் மலிவானதை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். யாருக்கும் முகம் சுருங்காது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான்.

இந்தப் பெயின்ட் ஆலையில் பணியாளர் பிரிவுக்கு நான் தலைவனாகிப் பதினெட்டு வருடம். பெரிய பதவிக்கு யார் பெயர் வந்தாலும், இயக்குநர்கள் கூட்டத்துக்குப் போகும் ரகசியக் கோப்பில் குறிப்பு எழுதுவது என் வேலை. பெண்கள் முன்னேற்றக் குழுவுக்கும் நான்தான் தலைவன். வருடத்துக்கு ஒரு கூட்டம், பிஸ்கட்டோடு.

தொடக்கம் தற்செயல்தான். அப்போது நான் பிரிவில் இரண்டாம் ஆள். தலைமைப் பதவிக்கு முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. என்னைவிட மூத்தவர், கெட்டிக்காரர். அன்று அவர் விடுப்பு. குழந்தைக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், நெற்றியில் போட்ட ஈரத்துணி நிமிடத்தில் காய்ந்தது. "திங்கக்கிழமை வந்து பதில் சொல்றேன்னு சொல்லிடுங்க" என்று என்னிடம் சொல்லியனுப்பினார். நான் கூட்டத்துக்குள் போய், குடும்பச் சூழ்நிலை காரணமாக அவருக்கு விருப்பமில்லை என்றேன்.

"அப்பாடா, நாம சொல்ல வேண்டியதை அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் ஓர் இயக்குநர். அறை முழுக்கச் சிரித்தது. முதல்முறையாக எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

அந்த நிம்மதியைப் பார்த்தபின், அதை அவர்களுக்குத் தராமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்தடுத்துப் பெண்களின் பெயர்கள் வந்தபோது 'விருப்பமில்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக், பக்கத்தில் அன்று கூட்டத்தில் சொன்ன அந்த மூன்று சொற்கள். அவர்களிடம் நான் கேட்டதில்லை. எப்படியும் இயக்குநர்கள் அவர்களைத் தள்ளியிருப்பார்கள். தள்ளப்படுவதைவிடத் தானே விலகிக்கொள்வது கௌரவம் அல்லவா. தாங்கள் விலகியது அவர்களுக்கே தெரியாது என்பது உண்மைதான்.

நான் செய்த ஒரே தவறு மீட்டரம்மா. கலவைப் பிரிவின் தலைவி. நிறம் பார்க்கும் மீட்டர் தடுமாறுகிற இடத்தில் அவர் கண் தடுமாறாது, அதனால் அந்தப் பெயர். போன வருடம் ஆலை மேலாளர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. பழக்க தோஷம், அதே மூன்று சொற்களை எழுதிவிட்டேன். பதவி கைவிட்டுப் போனதும் என் அறைக்கு வந்து அழுதார். தண்ணீர் கொடுத்தேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்றேன். ஓய்வுக்கு ஒன்றரை வருடமே இருந்தது, அடுத்த தடவை ஏது. "உங்கள மாதிரி ஒருத்தர் உள்ள இருக்கறதாலதான் சார் நாங்க இங்க நிக்கறோம்" என்று சொல்லி, இந்தப் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் நிர்வாக இயக்குநராக வந்து, கோப்புகளை வரிசையாக அடுக்கிப் படித்தீர்கள். ஒன்றோடு ஒன்றை வைத்து அதற்குமுன் யாரும் படித்ததில்லை. அவரைக் கூப்பிட்டு, "உங்க குடும்பத்துல யார் யார்?" என்று கேட்டீர்களாம்.

"நானும் ஒரு பூனையும், மேடம்."

காரணத்தைப் படித்துக் காட்டினீர்களாம். "பூனைக்குச் சூழ்நிலை நல்லாத்தான் இருக்கு" என்றாராம். நான் பூனையையாவது விசாரித்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

ஒப்புக்கொள்கிறேன். பத்துக் கோப்பு, பத்துப் பெண்கள். ஒவ்வொன்றும் என் கையெழுத்து. யாரும் என்னைத் தூண்டவில்லை.

ஆனால் வியாபாரி மகன், எண்ணிக்கையில் பொய் சொல்ல வராது. உங்கள் கணக்கில் ஒன்று குறைகிறது. முதலாவதற்குக் கோப்பே இல்லை, அது வாயால் சொன்னது. அவர் கேட்ட திங்கட்கிழமை வந்தது. அதற்குள் பதவி அடுத்த பெயருக்குப் போயிருந்தது. அடுத்த பெயர் என்னுடையது.

கூட்டத்தில் எடுத்த முடிவு என்றுதான் வீட்டில் அவளிடம் சொன்னேன். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "போகட்டும் விடுங்க, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தானே வந்திருக்கு" என்றாள். மறுநாள் நான் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள். ஆறு மாதத்தில் வேலையை விட்டாள். இன்று காலைகூட, எதற்கு விசாரணை என்று கேட்டாள். ஏதோ பழைய கோப்பு என்றேன்.

ஆக மொத்தம் பதினொன்று. பத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் மேடம், குடும்பச் சூழ்நிலை காரணமாக.