கட்டியில்லாத களியும் காணாமல் போன மணியும்

விழாவின் தலைவர் அவர்களே! எட்டாம் வகுப்பை முடித்து, இரட்டைச் சடை முடித்து, கால் தரையில் படாமல் நடுநாயக நாற்காலியில் வீற்றிருக்கும் செல்லி அவர்களே! ஆண்டுதோறும் அந்த நாற்காலியில் அமர்ந்து, இன்று பெருந்தன்மையோடு பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு ஒதுங்கியிருக்கும் புரவலர் ராஜாமணி ஐயா அவர்களே! சித்தேரி மலையிறங்கி பாப்பிரெட்டிப்பட்டி வரை வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற மகளைக் கட்டியணைக்க வந்து, "இரும்மா, பிரெண்ட்ஸ் பாக்கறாங்க" என்று விரட்டப்பட்ட தாய்மார்களே! ஒரே வாரத்தில் தொண்டையைத் தொலைத்த என் செல்வங்களே! மாணவியர் கோடை முகாமின் காப்பாளர் நிர்மலாதேவியின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தாண்டினால் தலைவர் மணியடிப்பார். அது முகாமின் மரபு. இன்று மணியைக் காணவில்லை. யுவராணி, என் கைப்பையை ஏன் பார்க்கிறாய்? மணி இல்லையென்றால் தலைவர் மைக்கைப் பிடித்து, வாய் திறந்து நிறுத்தச் சொல்ல வேண்டும். அதுவும் மரபுதான். இன்று காலையில் பிறந்த மரபு. என் பேச்சு முடியும்வரை பந்தி கிடையாது என்பதோ மிகப் பழைய மரபு.

மரபுகளுக்கா நம் முகாமில் பஞ்சம்? விசில் ஊதினால் எழ வேண்டும் என்பது என் மரபு. விசிலையே ஒளித்துவைப்பது இவர்கள் மரபு. குளியலறை வரிசையில் கடைசியாக வருபவள் பாட வேண்டும். ஆனால் பாடத் தெரிந்த கலைச்செல்வி முந்திப்போய்க் குளித்தாள், பாடத் தெரியாதவர்கள் கடைசியில் வந்து பாடினார்கள். தீர்த்தமலை ஏறிய அன்று, "கால் வலிக்குது, தூக்கிக்குங்க டீச்சர்" என்றவர்கள், உச்சியில் செல்ஃபி என்றதும் மான்களாய்த் துள்ளவில்லையா? துள்ளினார்கள். படத்தில் என் நெற்றி மட்டும் விழுந்திருக்கிறது.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே செல்லி மட்டும் பேசவில்லை. யுவராணியின் காதில் கிசுகிசுப்பாள், யுவராணி ஒலிபெருக்குவாள். "டீச்சர், செல்லிக்கு இன்னொரு தோசை வேணுமாம்!" "டீச்சர், அரூர் ஆஸ்டல்ல தங்கி ஒன்பதாவது படிக்கணும்னு செல்லிக்கு ஆசையாம்!"

முதல் நாளே அவள் அப்பா பொன்னன் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எம்புள்ள வாயத் தொறக்காதுங்க. ஆஸ்டல்ல பசிச்சா யாருகிட்டங்க கேக்கும்? முகாம் முடியறதுக்குள்ள மைக்குல ஒரு வார்த்த பேசட்டும், சேக்கறன். இல்லன்னா எங்கூடவே மலைக்கு வந்துரட்டும்." அதோ, மூன்றாவது வரிசையில், மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

இன்று காலை களிப்போட்டி. எந்த அணியின் களியில் கட்டி இல்லையோ, அந்த அணியில் கிண்டும் துடுப்பைப் பிடித்தவர் மாலை விழாவுக்குத் தலைவர். கம்பு அணியில் யார் கிண்டுவது என்று விவாதம், கட்டி விழுந்தது. தினை அணியில் எந்தப் பக்கம் கிண்டுவது என்று விவாதம், கட்டி விழுந்தது. சாமை அணியில் செல்லி யாரிடமும் பேசாமல் கிண்டினாள். களி வெண்ணெயாய்த் திரண்டது. பேசாததற்குப் பரிசாகப் பேசும் பதவி!

பெண் பேசினால் வாயாடி என்கிறோம். பேசாவிட்டால் பிழைக்கத் தெரியாதவள் என்கிறோம். எவ்வளவு பேசலாம் என்று அளந்து கொடுக்கும் படி யார் வீட்டில் இருக்கிறது? தயக்கம் என்ன பிறவிக் குணமா? தகுந்த காரணம் கிடைத்தால் தகராதா? தடதடவென்று தகராதா?

என்னங்க ராஜாமணி ஐயா, கடிகாரத்தைத் தட்டுகிறீர்கள்? நிறுத்தும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே. தலைவரோ மைக்கைப் பார்க்கிறார்; மைக் தலைவரைப் பார்க்கிறது. நல்லது. விசிலின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். விசில் இருவகைப்படும். பட்டாணி உள்ள விசில், பட்டாணி இல்லாத விசில். முதலில் பட்டாணியை எடுத்துக்கொள்வோம். பட்டாணி என்பது...

தலைவர் எழுகிறாரா? யுவராணி, நீ உட்கார்! இன்று உன் காது அவளுக்குத் தேவையில்லை. தலைவர் அவர்களே, கேட்கவில்லை. மைக்கில் சொல்லுங்கள். இன்னும் கிட்டத்தில்...

கேட்டீர்களா தாய்மார்களே? "போதும் டீச்சர், உக்காருங்க! நான் கிண்டுன களி ஆறுது!"

கைதட்டல் அடங்கட்டும். பொன்னன் அண்ணா, நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்கள்; அவள் ஒரு காப்பாளரையே அதட்டிவிட்டாள். என்ன சொல்கிறீர்கள்? "வூட்ல என்ன ஒருநாளும் இப்படி அதட்டுனதில்லீங்க" என்றா? இனிமேல் நடக்கும், பழகிக்கொள்ளுங்கள். ஆஸ்டலுக்கு என்ன முடிவு? சத்தமாகச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். தேவையென்றால் யுவராணியை அனுப்புகிறேன். "சேக்கறனுங்க!" சபை கேட்டது! சாமை அணி கேட்டது!

ஆதாரமற்ற சந்தேகத்தோடு என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருக்கும் யுவராணி, இந்தா மணி. அடி, பந்திக்கு அழை! பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. பொறுக்க முடியாமல் போன தலைவருக்குக் கோடி நன்றி. ஆணைக்கு அடிபணிந்து உட்காருகிறேன். வணக்கம்!