குரல் உடைந்த இடம்

இந்த அறையின் மின்விசிறியில் ஓர் இறக்கை லேசாக வளைந்திருக்கிறது. சுற்றுக்கு ஒரு 'டக்' விழுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்குக் காதுதான் தொழில். அதை நிறுத்திவிட்டால் நான் சொல்வது உங்கள் பதிவுக் கருவியில் சுத்தமாக விழும். வியர்த்தால் பரவாயில்லை. நன்றி ஐயா.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். எங்கள் ஒலிப்பதிவு அறையில் அந்தக் கிட்டார்காரர் இறந்ததை நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மூடியே கிடக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று வானொலியில் ஒரு விமர்சகர் என் அக்காவின் 'வாசலில் செருப்பு' பாட்டைப் பற்றிப் பேசினார். இப்போது அது ஒலிக்காத பேருந்து இல்லை, நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடைசி வரியில் அக்காவின் குரல் உடைகிறதே, அந்த இடத்தை நடிப்பு என்றார். "நல்ல பாட்டுதான். ஆனா அதை எமோ வகைன்னு சொல்லாதீங்க. எமோவோட சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்ட பாட்டு" என்றார்.

அவரைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டு உண்மை. அதை உண்மையாக்க என்ன செய்ய வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் அறை ஒரு டயர்க் கடையின் மாடியில் இருக்கிறது. நீங்கள் வந்து பார்த்த இடம்தான். பாடுகிறவர்களுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம், நடுவில் தடித்த கண்ணாடித் தடுப்பு. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாயே திறக்காது, படிப்பும் ஏறவில்லை. பாதியில் நின்று இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அக்கா பாடுவாள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற தடியன் டிரம்ஸ் அடிப்பான். அவன் புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் கிட்டார். தலைமுடியை வைத்து அவருக்குச் சுருட்டை என்று பெயர். அக்கா என்னை அத்தான் என்று கூப்பிடச் சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை.

எமோ என்றால் என்ன என்பதில்தான் எங்களுக்குத் தகராறு. நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். ஒரு பாட்டு வகைக்காக இத்தனையா என்று தோன்றும். நீங்கள் ஓர் எழுத்து மாறினால் ஆள் மாறிப்போகும் காகிதங்களோடு வேலை செய்கிறவர். உங்களுக்குப் புரியாமல் போகாது.

சுருட்டை சொல்வார்: "எமோங்கறது வாசிக்கிற முறை. அவ்வளவுதான். முதல்ல கம்பி ஒண்ணொண்ணா சிணுங்கணும், அப்புறம் எல்லாம் சேந்து கத்தணும். அடிச்சு நொறுக்குற பங்க் பாட்டுக்குப் பொறந்த அழுகைக்காரப் பிள்ளை அது. கண்ணுக்கு மை, நெத்தியில முடி, கறுப்புச் சட்டை, இதெல்லாம் தையக்காரன் வேலை."

"பாடுறவங்களுக்கு அது நடந்திருக்கணும். நடக்காததைப் பாடினா விளம்பரம்" என்பேன் நான்.

"அப்ப சாவைப் பத்திப் பாட யாராவது சாகணுமா, நீதிபதி அம்மா?"

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடியன் இரண்டு பக்கமும் சேர மாட்டான். "எனக்குத் தெரிஞ்சு எமோன்னா அழுமூஞ்சிங்க மைக் வச்சு அழுறது. ரொட்டி ஆறுது, வாங்க" என்பான். அக்கா சிரிப்பாள். அவள் எதற்கும் சிரிப்பாள். என் வாதத்தின் பெரிய ஓட்டை அவள்தான். ஒரு துக்கமும் தெரியாத தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல். கேட்டவர்கள் அழுதார்கள். "பாத்தியா? இதுக்குப் பேருதான் கைவேலை. காயம் வேணாம்" என்று சுருட்டை என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

'வாசலில் செருப்பு' அவள் எழுதிய பாட்டு. போனவன் திரும்பவில்லை, செருப்பு மட்டும் வாசலில் கிடக்கிறது. எங்கள் அறையில் செருப்போடு நுழையக் கூடாது என்பது என் விதி. காலடி ஓசை பதிவில் விழும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்ததாம். யாரும் போகவில்லை. யாரும் சாகவில்லை. எல்லாச் செருப்புக்கும் ஆள் உள்ளே இருந்தது.

முதல் முறை பதிவு செய்தபோது கடைசி வரி வந்தது: 'செருப்பு இருக்கிறது, நீ மட்டும் இல்லை.' அந்த நேரம் பார்த்துச் சுருட்டை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் அருகே நின்றுகொண்டு, வாசலிலிருந்து கையில் எடுத்து வந்த தன் அறுந்த செருப்பைத் தொலைபேசிபோல் காதில் வைத்து, "ஹலோ, யாரு, நான் இல்லைங்க" என்று வாயசைத்தார். அக்கா சிரிப்பை அடக்கினாள். 'மட்டும்' என்ற சொல்லில் குரல் இரண்டாக உடைந்தது.

நான் பதிவை நிறுத்தினேன். அவர் அதைத் திரும்பப் போடச் சொன்னார். கேட்டார். முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது.

"இதையே வச்சிடு" என்றார்.

"இது சிரிப்பு."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கேக்குறவனுக்குத் தெரியுமா? அவன் கதறிடுவான்."

"அது பொய்."

"அது பாட்டு, கண்ணு."

என்னை அவர் கண்ணு என்றார். அந்தச் சொல்லை நான் வெகுநாள் மென்றுகொண்டிருந்தேன். பதிவை அழிக்கவில்லை. நான் எதையும் அழிப்பதில்லை. வேறு நல்ல பதிவு எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன்.

அக்காவிடம் திருடி என்று ஒரு பூனை இருந்தது. பழக்கூடை ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஒன்று டயர் மாற்ற எங்கள் கடைக்கு வந்தது. பூனையை அதன் பின்பக்கம் விட்டேன். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஒரு சின்ன இழப்பு வந்தால் குரலில் என்ன மாறுகிறது என்று பார்க்கத்தான். அக்கா அழுதாள். அந்தக் கண்ணோடு அவளைப் பாட வைத்தேன். மூக்கு அடைத்துக்கொண்டு வந்தது, வேறொன்றும் வரவில்லை. "இதுக்கு மூக்கடைப்பு எமோன்னு பேர் வைப்போம்" என்றான் தடியன்.

சுருட்டை லாரிக்காரனைத் தேடிப் பிடித்து, பழச் சந்தையெல்லாம் அலைந்து, கையெல்லாம் கீறலோடு பூனையைக் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"பூனைக்கு லாரிப் பலகை ஏற வராது, அது வயித்துல குட்டியோட இருக்கு. அக்காகிட்ட நான் சொல்லல. நீயே சொல்லிடு. கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க வேற இடத்துல பதிவு பண்ணிக்கிறோம். நீ கொஞ்சம் ஓய்வெடு."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்காவை எடுத்துக்கொண்டு போகிறேன், பாட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன், உனக்குப் பைத்தியம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பரிவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அன்று உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். தவறு என் கொள்கையில் இல்லை. அளவில் இருந்தது. பூனை போதாது.

அவருடைய பழைய ஒலிபெருக்கிப் பெட்டியில் ஓர் இரைச்சல் உண்டு. "உள்ள ஒரு கொசு குடியிருக்கு, காலி பண்ணச் சொல்லு" என்று தினமும் புலம்புவார். உள்ளே மின்கசிவு இருந்தது. அதை எர்த் வயர் வாங்கிக்கொண்டு போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வயரை எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கும், கசிவு நிற்காது; அது கிட்டார்க் கம்பிவரை வந்துவிடும். எங்கள் தொழிலில் அவசரக்காரர்கள் செய்கிற தப்பு அது. அவர் கேட்டபோதெல்லாம் நான் மறுத்தே வந்தேன், உயிருக்கு ஆபத்து என்று. இந்த முறை சரி என்றேன். அவருக்குச் சந்தோஷம். சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அன்று காலை கம்பளத்தை எடுத்து வெயிலில் போட்டேன். தரையைத் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன். அக்காவைச் சாப்பாடு வாங்க அனுப்பினேன். அவள் அதைப் பார்க்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

சுருட்டை செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஈரத்தில் கால் வைத்து உள்ளே போனார். கிட்டாரை மாட்டி ஒரு கம்பியைச் சுண்டினார். இரைச்சல் இல்லை. "அட, கொசு செத்துருச்சே" என்றார். அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கும் சொல்ல வேண்டும் என்று மைக்கிடம் குனிந்தார். உதடு பட்டது.

மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் மெயின் சுவிட்சை அணைத்தேன் என்று எழுதியிருப்பீர்கள். அணைத்தேன். உடனே அணைத்தேன் என்று நான் சொல்லவில்லை. நீங்களாக எழுதிக்கொண்டீர்கள்.

பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தவன் தடியன். படியில் ஒரு முறை இடித்துவிட்டான். அதில்தான் வயர் தளர்ந்திருக்கும் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். டிரம்ஸை விற்றுவிட்டான். தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். அவன் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செருப்பு வாசலிலேயே கிடந்தது. எடுக்க வந்தவர்களை அக்கா விடவில்லை. அவள் எழுதிய வரி ஒவ்வொன்றும் இப்போது உண்மை. ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. அவள் எழுந்து நடமாடும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கையைப் பிடித்து அழைத்து வந்து மைக் முன்னால் நிறுத்தினேன். "அவருக்காகப் பாடுக்கா" என்றேன்.

பாடினாள். சுருதி பிசகவில்லை. தாளம் பிசகவில்லை. கடைக்காரன் சாமான் பெயர்களை வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, சுத்தமாக வந்து விழுந்தது. 'நீ மட்டும் இல்லை' என்பதை நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். திரும்பப் பாடச் சொன்னேன். அதேதான். அவள் அழவே இல்லை. கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக்கொண்டே பாடினாள், நான் அங்கே இல்லாததைப்போல. பிறகு காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"போதும்டி. எனக்கு ஒண்ணும் வரல. இனிமே வராது."

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. ஒரு துணிக்கடையில் துணி மடிக்கிறாள். முணுமுணுப்பதுகூட இல்லை.

கேளுங்கள் ஐயா, நீங்கள் கேட்க வந்தது தெரிகிறது. அந்த உடைந்த 'மட்டும்' எப்போது பதிவானது என்றுதானே? அது தொழில்நுட்ப விஷயம். பழைய பதிவிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிப் புதிய பதிவில் வைத்தேன். ஆமாம், செருப்பைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாரே, அந்த நாளின் பதிவுதான். ஒட்டு தெரியாமல் செய்வது என் வேலை, அந்த விமர்சகராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அது சிரிப்பு என்று இப்போது நீங்கள் சொல்வீர்கள். அன்று அது சிரிப்பாக இருந்திருக்கலாம். அவர் செத்ததும் அது சிரிப்பு இல்லை. அப்படி ஆக்கத்தானே இவ்வளவும்.

கேட்கிறவர்கள் அந்த இடத்தில் கதறுகிறார்கள். கதறிவிடுவார்கள் என்று அவரும் சொல்லியிருந்தார். ஆனால் அவர் சொன்ன காரணம் தப்பு. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? குற்றத்துக்கு நீங்கள் எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். பாட்டைக் குறிப்பிடும் இடத்தில் மட்டும் எமோ என்று தெளிவாக எழுதுங்கள். வானொலிக்காரருக்கும் ஒரு பிரதி போகட்டும். அந்த இடத்தில் என் அக்கா அழுகிறாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.