மூன்றாவது உறுப்பு

அக்டோபர் 14, செவ்வாய். காலையில் ரேஷன் கடை, மதியம் துணி மடிப்பு, மாலையில் கடைத்தெரு. ஐந்தரை மணி முத்தையாபுரம் பஸ்ஸில் திரும்பினேன். முன் இருக்கையில் ஒரு தாயும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் கணக்கு நோட்டு, ‘கணங்கள்’ பாடம்.

“நிபந்தனையை டீச்சர் தந்துட்டாங்கம்மா. ‘x என்பவர் என் அப்பாவின் பிள்ளை.’ இந்தக் கணத்துல உள்ள உறுப்பையெல்லாம் பட்டியல் போடணும்.”

“இதுக்கு எதுக்குளா பேனாவக் கடிக்க? நீயும் தம்பியும். முடிஞ்சு போச்சு.”

“மூணு பேரும்மா. அபியும் உண்டு.”

“எந்த அபி?”

“கொல்லத்துல இருக்கான். காலாண்டு லீவுல அப்பா உப்பு லாரியில கூட்டிட்டுப் போனாங்கல்லா, அப்பதான் பார்த்தேன். அவனும் அப்பான்னுதான் கூப்பிட்டான். அம்மாட்ட சொல்லாதன்னாங்க.”



“பெறவு ஏன்ளா இப்பச் சொல்லுத?”

மகள் தலை நிமிரவில்லை. “நிபந்தனைக்குப் பொருந்துற ஒருத்தரையும் விடக் கூடாதும்மா. விட்டா தப்பு.”

நடத்துநர் நீட்டிய டிக்கெட்டை அந்த அம்மாள் வாங்கவில்லை. மகள்தான் வாங்கினாள்.

இறங்கும்போது கேட்டாள். “அபி பேரை அடிச்சிரட்டுமாம்மா?”

“அடிக்காத. இருக்கட்டும். டீச்சருக்கு முன்ன உங்கப்பா பார்க்கணும்.”

மறுநாள் காலை முதல் வேலையாக வாசல் தெளிக்கப் போனேன். உப்பு லாரிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொரு ஓட்டுநரின் முகத்தையும் பார்த்தபடி வாளியோடு நின்றுவிட்டேன்.