பெண்கள் பக்கத்துச் செய்தி

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த மண்டபத்துக்குக் கூரை போட்ட நாள் தொட்டு இன்றுவரை தலைமைக் கதிரையை எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துவரும் மதிப்புக்கும் மரியாதைக்குமுரிய ஹாசிம் ஹாஜியார் அவர்களே, பாலாவியின் வெயிலையும் கற்பிட்டியின் காற்றையும் கடந்து பகல் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, சீலைத் திரைக்கு அப்பால் அமர்ந்து, என் முகத்தைக் காணாவிட்டாலும் என் குரலிலிருந்து தப்ப முடியாத தாய்மார்களே, குசினியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் சமையல் தலைவர் ஃபாஹிம் நானா அவர்களே, மண்டப நிர்வாக சபையின் செயலாளர் என்ற வகையில் உங்கள் அனைவரையும் பணிந்து வரவேற்கிறேன்.

இன்று சபையின் முன் ஒரு பிரேரணை இருக்கிறது. மண்டபத்தில் செய்தி அனுப்பப் பொருத்தியிருக்கும் டெப்களை, அதாவது அந்தத் தொடுதிரைக் கணினிகளை, கழற்றிவிட வேண்டும் என்பது அது. சாப்பாட்டுக்குப் பின் வாக்கெடுப்பு. அதற்கு முன் அந்த டெப்களின் சார்பில் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. எவரும் முன்வராததால் நான் வந்திருக்கிறேன்.

சபையோரே, டெப் வருவதற்கு முன் எங்கள் கலியாணங்களில் செய்தி எப்படிப் போனது? பெண்கள் பக்கத்தில் சோறு போதவில்லை என்று வையுங்கள். திரையோரம் வந்து ஒரு மச்சானைக் கூப்பிட வேண்டும். மச்சான் ஆண்கள் பக்கத்தைத் தாண்டித்தான் குசினிக்குப் போக வேண்டும். தாண்டும் வழியில் சலாம் சொல்ல ஒருவர், சுகம் கேட்க ஒருவர், உப்பு லொறிக்கு ஆள் கேட்க ஒருவர், "வாங்க மச்சான், இதில ஒரு ஆள் குறையுது" என்று கையைப் பிடித்து இழுக்க ஒருவர். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பதுதானே சஹன்? ஐந்து பேரோடு நிற்கும் சஹனைக் கண்டும் காணாமல் போக யாருக்கு மனம் வரும்? மச்சான் உட்கார்ந்தார். செய்தியும் அவரோடு உட்கார்ந்தது. மச்சான் உண்டார், எழுந்தார், கை கழுவினார், இனிப்புக்கு வட்டிலப்பமும் எடுத்தார். செய்தி எழுந்திருக்கவில்லை.

பெண்கள் பக்கத்துக்குப் பொறுப்பாக நிற்பவர் ஹிதாயா மாமி. எல்லோரையும் அமர்த்திவிட்டுக் கடைசிச் சஹனில் உட்காருபவர். அந்தக் கடைசிச் சஹனில் இறைச்சித் துண்டு எப்படியிருக்கும் என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரே தவிரக் கண்டதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அவருடைய மகள் ஷஃபீனா, வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறவர். உம்மாவின் வெறுஞ்சோற்றைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் இந்தச் செய்திப் பலகையைச் செய்து தந்தார். டெப் திரையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், குசினிக்கு ஒரு பக்கம். அங்கே எழுதுவது எழுதிய கணமே இங்கே தெரியும். இடையில் சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை, மச்சான் இல்லவே இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதினாரா? இல்லை. செய்தி அனுப்பவும் கேட்கவும் ஒரேயொரு நிரல்துண்டு எழுதினார், அதற்குக் கொக்கி என்று பெயர். எந்தப் பக்கத்தில் மாட்டினாலும் அந்தப் பக்கம் கதைக்கத் தொடங்கிவிடும். பின்வரிசையில் யாரோ மீன் பிடிக்கிற கொக்கியா என்று கேட்கிறார். இல்லை வாப்பா, சுவரில் சட்டை மாட்டுகிற கொக்கி. யார் சட்டையென்று அது கேட்பதில்லை.

அந்தக் கொக்கியில் ஒரு பிழை இருந்தது. நான் மறைக்கமாட்டேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் அது கேட்பதற்கு ஒரு காதைத் திறக்கும். பக்கத்தை மூடினால் அந்தக் காதையும் மூட வேண்டும். மூட மறந்துபோனார். குசினி டெப்பில் சமையல் தலைவரின் படம் போட்ட பக்கமும் ஒன்று உண்டு. நல்ல படம். ஃபாஹிம் நானா அடிக்கடி அதைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் செய்திப் பக்கத்துக்கு ஒரு புதுக் காது முளைத்தது.

போன மாதம் கமீலா உம்மாவின் மகளுடைய கலியாணம். ஆண்கள் நாங்கள் வழமைபோல டெப்பைத் தொடவில்லை. சஹன் கேட்டுக் குசினிப் பக்கம் பார்த்துக் கை தூக்கினோம். பெண்கள் பக்கத்திலிருந்து மூன்று சஹன் என்று ஒரு செய்தி போனது. குசினியில் அது ஏழு செய்தியாய்த் தெரிந்தது. ஃபாஹிம் நானா அமானிதமான, சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். ஏழு செய்தியையும் நிறைவேற்றினார்; எங்களுக்கு வர வேண்டியதும் சேர்ந்து இருபத்தொரு சஹன் திரைக்கு அப்பால் போனது.

நாங்கள் கழுவிய கையோடு இருந்தோம். கை காய்ந்தது. மறுபடி கழுவினோம். மறுபடி காய்ந்தது. கடைசியில் தலைவர் அவர்களே எழுந்து திரையோரம் போய் நின்று, மிஞ்சியிருந்தால் கொஞ்சம் அனுப்பும்படி கேட்க நேர்ந்தது. ஹிதாயா மாமி உள்ளேயிருந்து மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"சொல்லியிருக்கு ஹாஜியார். ஆராவது கொண்டு வருவாங்க. கொஞ்சம் பொறுங்க."

அது அவருடைய சொல் அல்ல, சபையோரே. இத்தனை கலியாணங்களாக நாங்கள் அவருக்குச் சொல்லிவந்த சொல்.

ஷஃபீனா அடுத்த நாளே பிழையைத் திருத்தினார். பக்கம் மூடும்போது காதும் மூட ஒரு வரி சேர்த்தார். கொக்கி ஒன்றே என்பதால் ஓரிடத்தில் திருத்தியதும் எல்லா இடமும் திருந்தியது. பிறகு நடந்த கலியாணங்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் பிரேரணை வந்திருக்கிறது. டெப் தவறியது ஒரேயொரு பகல். மச்சான்மார் தவறியது எத்தனை பகல்? அவர்களைக் கழற்றிவிட எவராவது பிரேரணை கொண்டுவந்தாரா? செய்தி பிந்தினால் வழமை என்கிறோம், செய்தி முந்தினால் பிழை என்கிறோம். பெண்கள் பசித்திருந்தால் பொறுமை என்கிறோம், ஆண்கள் பசித்திருந்தால் பொதுக்கூட்டம் கூட்டுகிறோம்.

கழற்றுவதென்றால் கழற்றுங்கள். ஆனால் கழற்றுகிறவர் அந்த டெப்பைக் கையில் ஏந்தி, திரையோரம் போய் நின்று, "இனி உங்கள் பசி எங்கள் வழியாகத்தான் வர வேண்டும்" என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டு வரட்டும். சொல்லக்கூடியவர் இருந்தால் இப்போதே கை தூக்கலாம்.

ஒரு கையும் இல்லை. நல்லது.

சற்றுப் பொறுங்கள். இந்த மேசையிலும் ஒரு டெப் இருக்கிறது. அதே கொக்கியை ஷஃபீனா இன்று காலை மேடைக்கும் மாட்டியிருக்கிறாராம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. வாசிக்கிறேன்.

"சஹன் எல்லாம் வந்திட்டு. சாப்பிடத் தொடங்கிட்டம். நீங்க அவசரப்படாமப் பேசுங்க. ஹிதாயா."

ஆண்கள் பக்கத்துப் பெரியோர்களே, எழும்ப வேண்டாம். தலைவர் அவர்களே, நீங்களும் அமருங்கள். எங்களுக்கும் சொல்லியிருக்கிறது, ஆராவது கொண்டு வருவார்கள். இவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு செவிமடுத்த உங்களுக்கு என் நன்றி. செவிமடுப்பதை நிறுத்திவிட்டு உண்டுகொண்டிருக்கும் தாய்மார்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

வஸ்ஸலாம்.