சுவருக்குள் நான் திணித்த துணி

தலைமையேற்றிருக்கும் தீயணைப்பு நிலைய அலுவலர் டேனியல் ஐயா அவர்களே, மறைந்த பொறியாளரின் கணவர் மோகன்ராஜ் அவர்களே, மகள் ஜனனி கண்ணு, பல குடியிருப்புகளிலிருந்து வந்திருக்கும் சங்க நிர்வாகிகளே, எங்கள் ஒன்பது மாடியிலிருந்தும் இறங்கி வந்து உட்கார்ந்திருக்கும் என் அக்கம்பக்கத்தாரே, எல்லோரையும் வணங்குகிறேன். என் பெயர் வேல்குமார். வேலம்பாளையத்தில் பனியன் துணி வெட்டும் கட்டிங் செக்ஷன் நடத்துகிறேன். இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் நான்தான்.

பொறியாளர் சித்ரகலா அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒன்பது நாள். மேடையில் படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம். எனக்கு என்னவோ அவர் வெளியே சுவரோரம் நிற்பதுபோலவே இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு உள்ளே வருவதற்கு முன்னால்கூட ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.

அவர் செய்த வேலை என்ன? அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தீப்பிடித்தால் அது எவ்வளவு தூரம் ஏறும், எத்தனை வீட்டுக்குப் போகும் என்று பார்த்துச் சொல்வது. வீட்டுக்குள் தீ வந்தால் எப்படி ஓடுவது என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. சுவரே எரியுமா என்று நம்மிடம் வந்து கேட்டவர் வேறு யார்? எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

முதல் நாள் வந்தபோது எங்கள் கட்டடத்தைச் சுற்றி மூன்று முறை நடந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். எங்கள் காவலாளி காசிமாயன், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், "என்னம்மா, சொவத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரிக்கவில்லை. "அதத்தானுங்கண்ணா பாத்துட்டு இருக்கறேன்" என்றார்.

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் எங்கள் சுவரில் பொருத்தியிருக்கும் பளபளப்பான ஷீட்டில் ஓர் உள்ளங்கை அளவு வெட்டி எடுத்து வந்து, வாசலில் மணலைக் கொட்டி, அதன்மேல் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். வெளியே இரண்டு பக்கமும் அலுமினியம், நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். அது எரிந்துகொண்டே சொட்டியது. அழகுக்கு என்று நாம் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஷீட் அது. அதற்குப் பிறகு யாரும் காபி குடிக்கவில்லை.

அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? முன்வரிசையில் இருக்கும் ஆயம்மாள் அக்காவைக் கேளுங்கள். அவர்கள் குடியிருப்பில் இதே ஷீட்டைக் கழற்றி ஆறு வாரம் ஆகியிருந்தது. மூன்றாவது மாடியில் அக்கா வீட்டு பால்கனியில் தைக்க வைத்திருந்த பனியன் பீஸ் மூட்டை தீப்பிடித்தது. டேனியல் ஐயாவின் ஆட்கள் வரும் வரை அந்தத் தீ அந்த ஒரு பால்கனியை விட்டு நகரவில்லை. "மேல் ஊட்டுல என்ற மவ புள்ளத்தாச்சியாப் படுத்திருந்தாளுங்க" என்று அக்கா என்னிடம் சொன்னார். அந்தக் குழந்தைக்கு இப்போது எட்டு மாதம்.

ஆனால் எங்கள் சுவரில் ஷீட் இன்னும் அப்படியே இருக்கிறது. ஏன் இருக்கிறது? அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

ஆய்வின் இரண்டாம் நாள் ஒரு ஷீட்டைக் கழற்றினார்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அது காலியாக இருக்க வேண்டும். அதில் சித்ரகலா அவர்கள் கையை விட்டு இழுத்தார். பனியன் வேஸ்ட் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கருநீலமும் ரோஸும் கலந்த கட்டிங் துணி, ஒவ்வொரு மாடியிலும் அடைத்திருந்தது. கீழே ஒரு பொறி விழுந்தால் மேல்மாடி வரை ஏணி போட்டுக் கொடுத்ததற்குச் சமம் என்று டேனியல் ஐயா சொன்னார். கட்டிக் கொடுத்தவர் செய்த மோசடி என்று எல்லோரும் கொதித்தீர்கள். கேஸ் போட்டோம். கேஸ் முடியும் வரை சுவரைத் தொடக்கூடாது, அது சாட்சி என்றார் வக்கீல். பதினோரு மாதமாக முப்பத்தாறு குடும்பம் அந்தச் சுவருக்குள் தூங்குகிறோம்.

பெரியோர்களே, அந்தக் கருநீலம் என் செக்ஷனில் வெட்டிய ஆர்டர். கட்டிக் கொடுத்தவர் அதை வைக்கவில்லை. நான் வைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புறாத் தொல்லை என்று எல்லோரும் என்னைப் பிடுங்கினீர்கள், நினைவிருக்கிறதா? ஷீட்டுக்குப் பின்னால் கூடு, எச்சம், நாற்றம். வலை அடிப்பதற்குப் பதில், நம்மிடம் இல்லாத வேஸ்ட் துணியா என்று சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, நீங்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த நாலு நாளில் ஆள் வைத்து அடைத்தேன். திருப்பூர்க்காரனுக்கு எந்த ஓட்டையைப் பார்த்தாலும் பனியன் துணிதானே நினைவுக்கு வரும். புறா போய்விட்டது. எப்படி என்று கேட்டதற்கு மருந்து அடித்தேன் என்றேன். ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சித்ரகலா அவர்களுக்கு அது தெரியும். துணியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், என் முகமே சொல்லிவிட்டது. அறிக்கையில் என் பெயர் இல்லை. தனியே கூப்பிட்டு, "யாரு வெச்சாங்கன்னு எழுதறது என்ற வேலை இல்லீங்க. நீங்களே சொல்லீருங்க" என்றார். சரிங்க என்றேன். சொல்லவில்லை. மாதாமாதம் முதல் ஞாயிறு சுவரைப் பார்க்க வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அந்த மனுஷி அதற்குக்கூட எனக்கு வழி விடவில்லை.

போன மாதம் கோவை ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்கு முந்தின நாள் பார்க்கப் போனேன். மோகன்ராஜ் அண்ணன் பக்கத்தில் இருந்தார். சித்ரகலா அவர்கள் என்னைப் பார்த்து, "ஷீட்டுக் கெடக்கட்டுங்க, அந்தத் துணியவாவது எடுத்துப்போடுங்க. நானு வந்து ஒருக்காப் பாத்தர்றேன்" என்றார். கேஸ் இருக்குதுங்களே என்று நான் இழுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

இனி யார் வருவார்? இந்த மாத முதல் ஞாயிறும் நான் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வெள்ளை ஸ்கூட்டி சத்தம் கேட்காதா என்று இருந்தது. அவர் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாகப் போனவன் நான். ஒரே ஒரு ஞாயிறு அவர் திரும்பி வந்தால் போதும், கேட்டில் நின்றே சொல்லிவிடுவேன். ஏங்கி என்ன செய்ய? எனக்குக் கொடுத்த பதினோரு ஞாயிறும் போய்விட்டது.

உறுதிமொழி எடுத்து முடிப்பது வழக்கம். என் உறுதிமொழி இதுதான். துணியை வைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலையே வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். துணிக்கான கேஸ் இனி இல்லை, சுவரைத் தொடலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். தெற்குப் பக்கம் சாரம் கட்டியாயிற்று. துணியை எடுத்ததும் ஷீட்டும் இறங்கும். மற்றக் குடியிருப்புகளில் அவர் பாதியில் விட்ட ஆய்வை முடிக்க டேனியல் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏணி பிடிக்க நான் கூடப் போவேன்.

என்னைத் திட்ட உங்களுக்கு உரிமை உண்டு. செயலாளர் பதவியை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். மௌன அஞ்சலி முடிந்ததும் நான் நேராகச் சாரத்துக்குப் போகிறேன். திட்டுகிறவர்களும் ஆளுக்கொரு சாக்கு எடுத்துக்கொண்டு கூட வாருங்கள். அங்கே நின்று திட்டுங்கள், ஆனால் இருட்டுவதற்குள் அந்தத் துணி வெளியே வந்தாக வேண்டும்.