யார் டவுன் பண்ணாங்க

என்டரை அடிக்காதீங்க சார். எத்தனை தடவை அடிச்சாலும் இனிமே ஒண்ணும் வராது. கர்சர் நின்னு போச்சு பாருங்க. கீபோர்டு நல்லாத்தான் இருக்கு, போன மாசம் வாங்குனது. கீழ மிஷின் ரூம்ல இருக்கற சர்வரும் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கு. உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருந்த வழிதான் இல்ல. உள்ள வந்த கதவை நீங்களே சாத்திட்டீங்க.

தண்ணி குடிங்க முதல்ல. இன்டர்வியூன்னா யாருக்கும் படபடப்பு இருக்கும். அதுலயும் இத்தனை வருஷம் மேனேஜரா இருந்து நாலு பேரை அதட்டி வேலை வாங்கிட்டு, இப்ப ஒரு பொம்பளைகிட்ட டைப் அடிச்சுக் காட்டணும்னா கஷ்டம்தான். எனக்குப் புரியுது சார்.

நான் அப்படி என்ன பெருசா கேட்டுட்டேன்? அந்த சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்கு, ஈத் ஜீரோ, ஈத் ஒன். சும்மா கிடக்கற கார்டுக்குப் புது அட்ரஸ் போடுங்கன்னேன். முதல்ல ஐபி அட்ரஸ்னு ஒரு கமாண்டு அடிச்சிருந்தீங்கன்னா ரெண்டு கார்டும் வரிசையா வந்திருக்கும். எது அப்ல இருக்கு, எது டவுன்ல இருக்கு, எதுல எந்த அட்ரஸ், எல்லாம் தெரிஞ்சிருக்கும். நாம எது வழியா உள்ள வந்திருக்கோம்னும் தெரிஞ்சிருக்கும். நீங்க பாக்கவே இல்ல. சும்மா கிடக்கறது ஈத் ஒன்னாத்தான் இருக்கும்னு நீங்களா முடிவு பண்ணி, புது அட்ரஸ் போடறதுக்கு முன்னாடி அதை அணைச்சு டவுன் பண்ணீங்க. இங்க நாம வந்ததே ஈத் ஒன் வழியாதான்.

ட்ரிக்கா? அதெப்படி சார் ட்ரிக் ஆகும், ஒரு கமாண்டு அடிச்சா கண்ணுக்கு முன்னாடி தெரியற விஷயம். போன வாரம் படிப்பு முடிச்ச கையோட ஒரு பொண்ணு வந்துச்சு, இதே நாற்காலிதான், இதே மிஷின்தான். நிதானமா பாத்துச்சு, ஈத் ஜீரோல அட்ரஸ் போட்டுச்சு, பதில் வருதான்னு பிங் பண்ணிக் காட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுச்சு. நான் யாருக்கும் குழி வெட்டல.

உக்காருங்க, எங்க எந்திரிக்கறீங்க? போற இடமெல்லாம் வேணாம்னு சொல்றாங்க, இந்த வேலை கண்டிப்பா வேணும்னு சொன்னது நீங்கதானே. இன்னும் முடியல. இதே தப்பு நடந்த ஒரு கதை எனக்குத் தெரியும், கேளுங்க.

ஒரு ஆஸ்பத்திரி. அங்க லேப்ல இருந்து வார்டுக்கு ரிப்போர்ட் எல்லாம் ஒரு சர்வர் வழியாதான் போகும். அந்த சர்வரைப் பாத்துக்கற வேலையை எடுத்து செஞ்ச கம்பெனியில ஒரு மேனேஜர். லீவு நாள், வீட்டுல உக்காந்துகிட்டு சர்வர்ல எதையோ மாத்தணும்னு தோணியிருக்கு. அவரோட பாஸ்வேர்டு அவருக்கே மறந்து போச்சாம். கீழ வேலை பாக்கற ஒரு பையனுக்குப் போன் போட்டு, உன் பாஸ்வேர்டைச் சொல்லுன்னு கேட்டார். பையன் அம்மாவைக் கண்ணு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தான். மேனேஜர் கேக்கறாரு, குடுக்காம எப்படி? குடுத்துட்டான். அவர் உள்ள போனார். எதுவும் பாக்கல. எந்தக் கார்டு வழியா போனாரோ அதையே டவுன் பண்ணார். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

எந்த ஆஸ்பத்திரின்னா கேக்கறீங்க? உங்களுக்குத் தெரியாததா சார்.

வார்டுல ரிப்போர்ட் வராம டாக்டருங்க கத்தறாங்க. அந்தப் பையன்தான் அம்மாவை அப்படியே அக்கா பொறுப்புல விட்டுட்டு, கொட்டற மழையில ஓடிப்போய், சர்வர் முன்னாடி உக்காந்து கார்டை அப் பண்ணான். தலை துவட்டக்கூட நேரமில்ல. அதுக்குள்ள மேனேஜரும் வந்து சேந்தார். ஆஸ்பத்திரிக்காரங்க, கம்பெனி முதலாளி, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. யாருய்யா டவுன் பண்ணதுன்னு கேட்டாங்க. பாத்தா பையனோட லாகின். மேனேஜர் வாயைத் திறந்து, இவன்தான் எதையோ நோண்டிட்டான்னு சொன்னார்.

பையன் ஏன் வாயைத் திறக்கலன்னுதானே? நல்ல கேள்வி. எல்லார் முன்னாடியும் மேனேஜரைக் காட்டிக் குடுக்க அவனுக்கு மனசு வரல. அப்புறம் தனியா கூப்பிட்டு, ரெண்டு நாள் பொறுத்துக்கோ, நானே முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்னு சொன்னார் சார் அந்தப் பெரிய மனுஷன். இவனும் நம்பிட்டான். நம்பிக்கிட்டு இருக்கும்போதே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க.

ஏசி வேணும்னா கூட்டி வைக்கட்டுமா?

அத்தோட விட்டிருந்தாகூட போகட்டும்னு இருந்திருப்பேன். அவன் எங்க வேலைக்குப் போனாலும் பழைய இடத்துல விசாரிப்பாங்கல்ல, எல்லாப் போனும் அந்த மேனேஜருக்குத்தான் போகும். ஒருத்தருக்கும் நல்ல வார்த்தை சொல்லல. கல்யாணம் பேசிட்டு இருந்தாங்க, பொண்ணு வீட்டுலயும் விசாரிச்சாங்க, அதுவும் நின்னு போச்சு. அவன் ரூமை விட்டு வெளிய வர்றதையே நிறுத்திட்டான். சாப்பாட்டுத் தட்டை அவன் கதவுகிட்ட வெச்சிட்டு, கண்ணு சரியாத் தெரியாத அம்மா அங்கேயே உக்காந்திருப்பாங்க. பாக்கப் பாக்க வயிறு எரியும் சார். இன்னும்தான் எரியுது.

நானே உங்களுக்குப் போன் பண்ணியிருக்கேன், தெரியுமா? இதே டேபிள்ல இருந்துதான். இந்த மாதிரி ஒரு பையனை எடுக்கலாம்னு இருக்கோம், ஆள் எப்படின்னு கேட்டேன். கை நிதானம் இல்லாத பையன் மேடம், பக்கத்துல சேத்துக்காதீங்கன்னு சொன்னீங்க. கொஞ்சம் சிரிச்சீங்க வேற. அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவே இல்ல.

இல்ல சார், மன்னிப்பெல்லாம் என்கிட்ட வேணாம். உங்க ரெஸ்யூமைப் பாத்துட்டு இங்க எல்லாரும் வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கூப்பிடுங்கன்னு சொன்னேன். இந்த டெஸ்ட் கட்டாயம் வைக்கணும்னும் நான்தான் சொன்னேன். டவுன் பண்ணதை ஒரு தடவையாவது தன் தப்புன்னு நினைச்சிருந்தா, அடுத்த தடவை கை தானா நின்னு ஒரு பார்வை பாத்திருக்கும். நீங்க நினைச்சதே இல்லைன்னு எனக்குத் தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். இங்க ஒரு பழக்கம் இருக்கு, நான் வந்தப்புறம் கொண்டு வந்தது. எதையாவது டவுன் பண்ணிட்டா, போன்ல சொல்ல முடியாது, வேற ஆளை அனுப்ப முடியாது. யார் பண்ணாங்களோ அவங்களே மிஷின் ரூமுக்கு நடந்து போகணும். அங்க இருக்கறவர் யார் டவுன் பண்ணதுன்னு கேப்பார். நான்தான்னு வாயால சொல்லணும். சொன்னாத்தான் அவர் அப் பண்ணுவார். நானே ரெண்டு தடவை போய்ச் சொல்லியிருக்கேன், ஒண்ணும் குறைஞ்சு போயிடல.

படியில இறங்குனா நேரா தெரியற கதவு. தட்டுனா போதும்.

யாரா? அவன்தான். என் தம்பி சார். கூடப் பிறந்தவன். நீங்க போன்ல சொன்னதைக் கேக்காம நான்தான் அவனை இங்க வேலைக்குச் சேத்தேன். நீங்க வந்திருக்கறது அவனுக்குத் தெரியாது, நான் சொல்லல. உங்களைப் பாத்ததும் எந்திரிச்சு நிப்பான், மரியாதை அவனுக்கு இன்னும் போகல. நீங்க அதுக்காக வேற எதையாவது பேசிட்டுத் திரும்பி வந்துடாதீங்க.

வேலையா? எனக்கு உங்க மேல ஆட்சேபணை எதுவும் இல்ல சார். பழைய இடத்துல நீங்க எப்படின்னு மட்டும் ஒரு வார்த்தை விசாரிக்கணும். நீங்க கீழ போய்ச் சொல்லிட்டு மேல வர்றதுக்குள்ள, அவனுக்கே போன் போட்டுக் கேட்டுக்கறேன்.