நாலாவது பிழை

மெஷின் ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? பதில் சொல்கிறவரின் முகத்திலேயே பாதிப் பிழை தெரிந்துவிடும். ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். முதல் ஐந்து வருடம் தைத்தேன். மெக்கானிக்காக இருந்த இத்தாலியர் முதுகு வலியென்று நின்றுவிட்ட பிறகு, மிச்சக் காலமெல்லாம் மெஷின் திருத்தினேன்.

பேசினால் எனக்கு ஒழுங்கு தவறிவிடும், அதனால்தான் இந்தப் பொலிஸ் நிலையத்திலேயே இருந்து எழுதித் தருகிறேன் என்றேன். மொழிபெயர்க்க வந்திருக்கும் சாருஜா என்ற பிள்ளை ஒரு வசனத்தையும் விடாமல் உங்களுக்குப் பிரெஞ்சில் சொல்வாள், ஐயா. பொறுமையான பிள்ளை.

என் பெயர் ஜெகதீஸ்வரி. வயது அறுபத்தேழு. கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். கணவர் சிவராசா இறந்து ஒன்பது வருடம். ஒரே மகன் பிரணவன். அவன் புரோசார்ட்டில் மனைவி செலீனோடு இருந்தான். பாலம் கடந்து வந்தால் நாற்பது நிமிடம். வருடத்தில் இரண்டு முறை வருவான், தைப்பொங்கலுக்கும் தகப்பனின் திவசத்துக்கும். அவன் கெட்ட பிள்ளை இல்லை. வேலை, வீடு, பனி என்று ஏதாவது இருக்கும். நான் குறை சொல்லவில்லை.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, திவசமும் இல்லை பொங்கலும் இல்லை, அவன் வந்தான். கையில் ஒரு நீளப் பெட்டி. பின்னால் டிலக்ஷன்.

டிலக்ஷனை உங்களுக்குத் தெரியும், படம் உங்கள் கோப்பில் இருக்கிறது. பிரணவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. வேலை முடிந்து போகிற வழியில் மாதம் இரண்டு மூன்று தடவை என் வீட்டுக்கு ஏறுவான். பால் வாங்கி வருவான். பனிக்காலத்தில் வாசல் படிக்கு உப்புப் போட்டுவிட்டுப் போவான். யாரும் அவனைக் கேட்டதில்லை.

"அம்மா, நீங்கள் மெஷின் திருத்தினனீங்கள்தானே. இதை ஒருக்கா பாருங்கோவன்," என்றான் மகன்.

பெட்டிக்குள் துவக்கு, நீளத் துப்பாக்கி. மான் வேட்டைக்காக, சான்-ஜெரோமில் ஒரு கிழவனிடம் பழசாக வாங்கியது. ஒரு தரம் சுட்டால், வெடித்து முடிந்த வெற்றுக்கோதைத் தானே வெளியே எறிந்து, அடுத்த ரவையை, அதாவது தோட்டாவை, தானே உள்ளே ஏற்றவேண்டும். விசையைத் திரும்ப அழுத்தினால் போதும். இது எறியவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

டிலக்ஷன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "அன்ரி, தானா ஏத்தும் எண்டு வாங்கினவர். ஒரு வெடிக்கு மூண்டு தரம் இழுக்க வேணும். மான் நிண்டு பாத்து, பாவம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போகுது."

"வாயை மூடடா. அம்மா, துவக்குக் கடைக்காரன் திருத்த நாலு மாதம் செல்லும் எண்டுறான். அதுக்குள்ளை சீசன் முடிஞ்சிடும்."

"சரி, மேசையிலை வை," என்றேன். "ரவை ஒண்டும் உள்ளை இல்லையே?"

துவக்கு எனக்குப் புதிது. உள்ளே இருந்தவை புதியவை இல்லை. ஓவர்லாக் மெஷினில் பல் துணியை முன்னே தள்ளும். இங்கே ரவைகளை அடுக்கி வைக்கிற மகசினுக்குள் ஒரு ஸ்பிரிங் ரவையை மேலே தள்ளுகிறது. அங்கே கொக்கி நூலைப் பிடிக்கும். இங்கே கொக்கி கோதைப் பிடித்து இழுக்கிறது. இரண்டிலும் நேரம் ஒரு மயிரளவு பிசகினால் இறுகிவிடும்.

ஒரு மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிட்டேன். கிழவன் எண்ணெயை ஊற்றி வருடக்கணக்காய்ச் சும்மா வைத்திருக்கிறான். அது பிசினாக ஒட்டியிருந்தது. மகசினின் வாய் ஒரு பக்கம் வளைந்து, ரவையின் மூக்கைக் கீழே குத்தவிட்டது. ரவையைக் குழலுக்குள் ஏற்றி மூடுகிற இரும்பு போல்ட்டை முன்னே தள்ளுகிற பெரிய ஸ்பிரிங் களைத்துப்போயிருந்தது. மூன்று பிழை.

நான் ஒன்றைத்தான் சொன்னேன்.

இதைத் தவறாக எடுக்கவேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பிழையைத்தான் தொடவேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

எண்ணெய்ப் பிசினைக் கழுவித் துடைக்க நாலு மணித்தியாலம் ஆனது. மகன் பக்கத்தில் இருந்து துணி எடுத்துத் தந்தான். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். அடுத்த நாள் சுட்டுப் பழகுகிற இடத்திலிருந்து போன் பண்ணினான்.

"அம்மா, இப்ப மூண்டு ஒழுங்காப் போகுது. நாலாவது இறுகுது."

"எப்பிடி இறுகுது? கோது நிமிந்து நிக்குதோ, ரவையின்ரை மூக்கு கீழை குத்துதோ?"

"மூக்குத்தான்."

"அப்ப மகசினைப் பாக்கவேணும். சனிக்கிழமை கொண்டு வா."

"ஓம் அம்மா, வாறன்."

அவனுக்குப் பதினெட்டு வயதானபிறகு அவ்வளவு நேரம் அவன் என்னோடு தமிழில் கதைத்ததில்லை. ஐயா, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களோ தெரியாது.

மகசின் வாய் ஒரு குறடால் ஐந்து நிமிட வேலை. நான் நாலு சனிக்கிழமை எடுத்தேன். பெரிய ஸ்பிரிங்குக்கு மூன்று. ஒவ்வொரு சனியும் அவன் வருவான், டிலக்ஷனும் வருவான். டிலக்ஷன் மேசைக்கு மற்றப்பக்கம் இருந்துகொண்டு, "அன்ரி, உங்கட மகன் மான் சுட்டா எனக்குத் தொடை. சுடாட்டி உங்கட கோழிக்கறி. எப்பிடிப் பாத்தாலும் எனக்கு நட்டமில்லை," என்பான். அவன் சிரித்தால் மேல்மாடிப் பெண் தரையைத் தட்டுவாள்.

அந்த நாட்களில்தான் மகனுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். தொழிற்சாலையில் ஊசிக்குக் கீழே கைவைக்கும் முன் மெஷின் பக்கத்துச் சில்லைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவோம். தட்டுப்படாமல் சுற்றினால் உள்ளே ஒன்றுமில்லை, கைவைக்கலாம். அதைப்போல, மகசினைக் கழற்று, போல்ட்டை இரண்டு தரம் பின்னே இழு, ஒன்றும் வெளியே விழாவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அவனுக்கு லைசென்ஸ் வகுப்பில் வேறுமாதிரிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்; இழுத்தபிறகு டோர்ச் அடித்து உள்ளே பார்க்கவேண்டும், விரல் விட்டும் பார்க்கவேண்டும் என்று. ஒரு சனிக்கிழமை அவன் டோர்ச்சை எடுத்தபோது நான் கேட்டேன்:

"ஏன், நான் திருத்தினதிலை நம்பிக்கை இல்லையோ?"

அவன் சிரித்துக்கொண்டே டோர்ச்சை மேசை லாச்சிக்குள் போட்டான். அதற்குப் பிறகு என் முன்னால் எடுக்கவில்லை. அப்போது அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒக்டோபர் நடுவில் எல்லாம் முடிந்தது. ஞாயிறு பின்னேரம் போன் வந்தது.

"அம்மா, இருபதும் போட்டுது. ஒண்டும் இறுகேல்லை. நீங்கள் கெட்டிக்காரி."

"அப்ப வாற சனி?"

"வாற சனி செலீன்ரை அம்மா வீட்டை போறம். பேந்து பாப்பம், அம்மா."

பேந்து என்றால் பிறகு. எங்கள் வீட்டில் பிறகு என்றால் தைப்பொங்கல்.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். வேட்டைக்கு முதல் கடைசியாக ஒருக்கால் எண்ணெய் போடவேணும், கொண்டுவந்து வை என்றேன். வெள்ளிக்கிழமை வந்து, சப்பாத்தும் கழற்றாமல் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். கோதைப் பிடித்து இழுக்கிற கொக்கிக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, இரண்டு அரிசிமணி நீளம் வரும். அதுதான் கொக்கியை அழுத்தி வைத்திருப்பது. அதை எடுத்துவிட்டு, என் தையல் பெட்டியில் கிடந்த நூலிறுக்கி ஸ்பிரிங் ஒன்றை அளவாக வெட்டி வைத்தேன். உங்கள் நிபுணரின் அறிக்கையை மகனின் வக்கீல் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். 'பழமையால் தளர்ந்த ஸ்பிரிங்' என்று எழுதியிருக்கிறார். அது தளரவில்லை. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை. அசல் ஸ்பிரிங் இதோ, இந்தப் பொத்தான் டப்பாவில் இருக்கிறது. கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன்.

நான் ஆபத்தாக ஒன்றும் நினைக்கவில்லை. பத்துக்கு ஒரு தரம் கொக்கி வழுக்கும். கோது உள்ளே தங்கும். அவன் அலுத்துப்போய் என்னிடம் கொண்டுவருவான். அவ்வளவுதான்.

ஞாயிறு எடுத்துப்போனவன் திரும்பக் கொண்டுவந்தான். அடுத்த இரண்டு சனியும் வந்தான். "தேடிக்கொண்டிருக்கிறன்," என்றேன். "பிழை ஒளிச்சு நிக்குது."

இரண்டாவது சனிக்கிழமை மகன் பால் வாங்க தெரு முடக்கில் இருக்கிற தெபனர் கடைக்குப் போனான். டிலக்ஷன் நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டான்.

"அன்ரி, ஒண்டு கேப்பன், கோவிக்கக்கூடாது."

"கேள்."

"உங்களுக்கு இதைத் திருத்தத் தெரியும். என்ன?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

"திருத்திக் குடுங்கோ அன்ரி. அவன் வராட்டி நான் காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன். மாதத்திலை ரெண்டு சனி. அதுக்கு நான் பொறுப்பு. என்னை நம்புங்கோ."

"நீ போய்க் கையைக் கழுவு. சாப்பாடு போடப்போறன்."

"நான் வாறன்தானே அன்ரி, இடைக்கிடை. அது போதாதே?"

"நீ வாறது வேறை, தம்பி," என்றேன்.

அவன் சிரித்தான். "ஓம், விளங்குது," என்று போய்க் கையைக் கழுவினான். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்கள் விசாரணைக்கு இது தேவைப்படாது. அவனுடைய தட்டில் அன்றைக்கு இரண்டு கால்துண்டு வைத்தேன்.

அன்றைக்கே ஸ்பிரிங்கை மாற்றியிருக்கலாம். டப்பா பக்கத்தில்தான் இருந்தது. அடுத்த சனி பார்ப்போம் என்று விட்டேன். "இறுகினாலும் பரவாயில்லை அம்மா, இழுத்து இழுத்துச் சுடுறன்," என்று மகன் துவக்கை எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பர் ஒன்பதாம் திகதி. வடக்கே காட்டில் இரண்டு பேரும் மான் ஒன்றும் காணாமல் பின்னேரம் வாகனத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். மகன் மகசினைக் கழற்றினான். போல்ட்டை இரண்டு தரம் இழுத்தான். ஒன்றும் விழவில்லை. நல்ல குளிர். கொக்கி ரவையின் விளிம்பில் வழுக்கிவிட்டு வெறுமனே வந்திருக்கிறது. ரவை உள்ளேயே இருந்தது. அவன் டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. துவக்கைப் பின் சீற்றில் வைத்தான். டிலக்ஷன் மற்றப் பக்கக் கதவைத் திறந்து, பைகளை வைக்க இடம் வேண்டுமென்று அதைக் குழல் பக்கமாகப் பிடித்து இழுத்தான். விசை சீற்றில் எதிலோ கொளுவியது.

லவாலில் நடந்த இறுதிச் சடங்கில் டிலக்ஷனின் தாய் துஷாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பிரணவனைத் திட்டிப்போடாதேங்கோ. என்ரை பிள்ளைக்கு அவன்தான் அண்ணை. அவனைக் கவனமாப் பாருங்கோ," என்றாள். என்னைவிடப் பதினொரு வயது இளமை அவளுக்கு. அன்றைக்கு என்னைவிடக் கிழவியாக இருந்தாள்.

கவனமாகத்தான் பார்த்தேன். உயிரிழப்புக்குக் காரணமான அலட்சியம் என்று மகன்மேல் வழக்குப் போட்டீர்கள். செலீன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் ஒரு வார்த்தையும் பேசாத வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. நீதிபதி பிணை கொடுத்தபோது, யார் பொறுப்பு என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். என் முகவரியில்தான் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஏழு மாதம் ஒவ்வொரு நாளும் அவன் என் வீட்டில் இருந்தான்.

முதல் வாரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதல் வாரம் அவன் சாப்பிடவேயில்லை. இரண்டாவது வாரம் கொஞ்சம் சாப்பிட்டான். சாப்பிடத் தொடங்கினவனை ஏன் குழப்பவேண்டும் என்று விட்டேன். பிறகு அவன் இடைக்கிடை பேசினான். எப்போதும் ஒரே கதை.

"நான் உள்ளை பாத்திருக்க வேணும் அம்மா. ஒரு செக்கன். டோர்ச் பொக்கற்றுக்குள்ளை இருந்தது."

"மறந்திட்டாய், ராசா. ஆருக்கும் நடக்கும்."

"மறக்கேல்லை. எடுக்கத்தான் போனனான். நீங்கள் சொன்னது நினைவு வந்தது. பேந்து எடுக்கேல்லை."

அதை அவன் என்மேல் பழியாகச் சொல்லவில்லை. உங்களிடமும் வக்கீலிடமும் என் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. நான் சூப் சூடாக்கினேன்.

வருகிற வியாழக்கிழமை குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். சிறை நிச்சயம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நேற்றுக் காலை உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டு சொன்னான்: "அங்கை நீங்கள் வரவேண்டாம் அம்மா. வந்தாலும் நான் வெளியிலை வந்து கதைக்கமாட்டன். என்னாலை ஏலாது."

இன்று காலை மெத்ரோ ரயில் எடுத்து இங்கே வந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதற்காக வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். துவக்கில் இருந்த மூன்று பிழைகளும் கிழவனுடையவை, நாலாவது என்னுடையது. தெரிந்தே வைத்தேன், தெரிந்தே விட்டேன். டோர்ச்சையும் நான்தான் வைக்கச் செய்தேன். டிலக்ஷனைக் கொன்றது என் மகன் இல்லை. நான்.

என்னைப் பிணையில் விடுவதென்றால் யார் பொறுப்பு, எந்த முகவரி என்று எழுதவேண்டுமாம், சாருஜா கேட்கிறாள். பிரணவன் சிவராசா என்று எழுதுங்கள், ஐயா. நான் அவனோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாகவே போட்டுவிடுங்கள். நீதிமன்றம் சொன்னால் அவன் மீறமாட்டான்.